கீழே வைத்த பந்து

அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்தேன், பார்த்தேன் என்று நாற்பது வருஷம் ஊரெல்லாம் புளுகிக்கொண்டு திரிந்தவன் நான். இங்கேயாவது ஒழுங்காக ஆரம்பிக்கலாமே.

எங்கள் வேல்டன் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். தெற்கு அலபாமாவில் எங்கள் பக்கம் சனிக்கிழமை வந்துவிட்டால் டாக்டரும் கழுதை, பாதிரியாரும் கழுதை, பன்றி வளர்ப்பவனும் கழுதை. எங்கள் பையன்களில் ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் முப்பதாயிரம் பேரும் எழுந்து நின்று கழுதை மாதிரியே கத்துவோம். என் பேர் ஹோலிஸ். வயது அறுபத்தேழு. பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மூட்டு வலிக்க வலிக்க எழுந்து நின்று நானும் கத்துகிறவன்தான்.

வருஷா வருஷம் செப்டம்பரில் முதல் மேட்ச் அன்று ரசிகர் சங்கத்துக்காரர்கள் ஓட்டெடுப்பு வைப்பார்கள். நம் அணி பந்தை எடுத்துப் போனதில் மறக்கவே முடியாத ஆட்டம் எது? ஆளுக்கொரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அறுபது கஜம் வீசிய பந்தை ஒற்றைக் கையால் பிடித்தவன், இரண்டு பேர் முதுகில் தொங்க அவர்களையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டியவன் என்று ஆளாளுக்கு ஒருத்தனைத் தூக்கிப் பிடிப்பார்கள். கூடாரத்துக்கடியில் வாய்ச்சண்டை முற்றிப் பன்றிக்கறி ரொட்டியே பறக்கும். முடிவு மட்டும் மாறவே மாறாது. எப்போதும் ஜெயிப்பது 'கீழே வச்ச பந்து'தான்.

அது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று நவம்பரில், ஆர்டன் கல்லூரியோடு. நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஐம்பது வினாடி பாக்கி. கோட்டுக்கு முப்பத்தொரு கஜம். கடைசி வாய்ப்பு. பந்து கைக்கு வந்ததும் எங்கள் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பையன் அதைச் சத்தமில்லாமல் புல்லின்மேல் வைத்துவிட்டு, பந்து இருப்பதுபோல வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வலது பக்கம் ஓடினான். எதிரணி மொத்தமும் அவன் பின்னால் ஓடியது. எங்கள் முன்வரிசையில் ஹக்கபி என்று ஒரு தடியன். நூற்றுமுப்பது கிலோ இருப்பான். அந்த வரிசைக்காரர்களுக்கு எதிராளியை முட்டித் தள்ளுவதுதான் வேலை. பந்தைத் தொடவே மாட்டார்கள். அவன் குனிந்தான், பந்தைப் பொறுக்கினான், இடது பக்கம் தன்னந்தனியாக ஓடினான். முப்பத்தொரு கஜமும் ஓடி முடித்து, கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தான். பிற்பாடு அந்தத் தந்திரத்தையே கூடாது என்று விதி போட்டுத் தடுத்துவிட்டார்கள். அதனால் அது இனி யாராலும் மிஞ்ச முடியாத ஆட்டமாக ஆகிவிட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பத்திரிகையில் படித்தேன்.

அன்று நானும் என் தம்பி கர்ட்டிஸும் போயிருந்தோம். அவனுக்கு இருபத்துமூன்று வயது. என் முதலாளி கொடுத்த இரண்டு டிக்கெட். குளிர் வேறு. ஆர்டன்காரன் கடைசியாகப் புள்ளி எடுத்ததும் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. மேட்ச் விட்டதும் அந்த ஒற்றைச் சாலையில் முப்பதாயிரம் பேரோடு நசுங்கிக்கொண்டு ஊர்வது எனக்கு ஆகாது. எழுந்திரு, டிராஃபிக் ஆகுமுன் கிளம்பலாம் என்றேன். அவன் அசையவில்லை.

"அண்ணே, இன்னும் ஒரே ஒரு தடவைண்ணே. பாத்துட்டுப் போயிடலாம்."

"பாத்து என்னத்தக் கிழிக்கப் போற? தோத்தாச்சு. எந்திரி."

"நீ வேணா போ. நான் பாக்கணும்."

"அப்ப பாத்துட்டு நடந்தே வா" என்று சொல்லிவிட்டு நான் இறங்கிப் போய்விட்டேன்.

கார்ச் சாவியைக் கதவில் செருகும்போது அரங்கத்துக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. பிறகு முப்பதாயிரம் கழுதைகள் கத்தின. எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். பத்து நிமிஷம் அவனுக்காக நின்றிருக்கலாம். அவன் சொன்னது சரியாகிவிட்டதே என்ற ஆத்திரத்தில் வண்டியை எடுத்தேன். சாலை காலியாகக் கிடந்தது. நாற்பது நிமிஷத்தில் வீடு வந்து சேர்ந்தேன். அவ்வளவு சீக்கிரமாக ஒருநாளும் வந்ததில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் வந்தது. கர்ட்டிஸ் யாரோ இரண்டு பேருடைய லாரியில் பின்னால் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். ஓடைப் பாலத்தில் வண்டி கவிழ்ந்துவிட்டது. மூன்று பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

"நீ எங்கடா இருந்த?" என்று அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ரெண்டு பேரும் சேந்துதாம்மா பாத்தோம். ஜெயிச்ச சந்தோஷத்துல அவன் சிநேகிதங்களோட போறேன்னான். ஜாக்கிரதைன்னு சொன்னேம்மா" என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் போதும் என்று நினைத்தேன்.

அது போதவில்லை. கர்ட்டிஸ் கட்டிக்கொள்வதாக இருந்த பெண் அப்போது மூன்று மாதக் கர்ப்பம். அடுத்த மே மாதம் மார்லா பிறந்தாள். தாய்க்காரி இரண்டே வருஷத்தில் வேறொருத்தனைக் கட்டிக்கொண்டு டெக்சாஸ் போனாள். குழந்தையை நானும் அம்மாவும் வளர்த்தோம். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. நடக்கவில்லை என்ற குறையும் இல்லை, மார்லா இருந்தாள்.

ஐந்து வயதில் ஒருநாள் கேட்டாள். "பெரியப்பா, எங்கப்பா செத்துப் போற அன்னிக்கு அழுதாரா, சிரிச்சாரா?"

குழந்தையிடம் என்ன சொல்ல? சிரித்தார் என்றேன். எதற்குச் சிரித்தார்? மேட்ச் ஜெயித்ததற்கு. எப்படி ஜெயித்தார்கள்? அப்படியே ஒவ்வொன்றாக வளர்ந்தது. உங்கப்பா பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் ஆடியவன், அதனால் பந்தைப் பார்க்க மாட்டான், அந்தத் தடியர்களின் காலைத்தான் பார்ப்பான் என்றேன். அரங்கமே வலது பக்கம் பார்க்கும்போது அவன் ஒருத்தன்தான் இடது பக்கம் கையை நீட்டி, "பந்து கீழ இருக்குண்ணே!" என்று கத்தினான் என்றேன். அவன் காட்டித்தான் நானும் பார்த்தேன், தடியன் குனிந்து பொறுக்கினதைக் கண்ணால் கண்டேன் என்றேன். பிறகு என்னைக் கட்டிப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டான், தொப்பியைக் கழற்றி வீசினான் என்றேன். சொல்லும்போது எனக்குக் கண் கலங்கும். அவளுக்கும் கலங்கும். ஒவ்வொரு வருஷமும் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியதும், "சொல்லுங்க பெரியப்பா" என்பாள். நாற்பது வயதாகிப் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், போன மே மாதமும் கேட்டாள்.

இந்த வருஷ ஓட்டெடுப்புக்குச் சங்கத்துக்காரர்கள் ஹக்கபியையே கூப்பிட்டிருந்தார்கள். மார்லா துள்ளினாள். அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கும். அந்தத் திங்கட்கிழமை பத்திரிகையில் வந்ததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது. ஹக்கபி குனிந்து பந்தை அள்ளுகிறான், பின்னால் மங்கலாகக் கூட்டம். அதில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, அதுதான் உங்கப்பாவின் தொப்பி, பக்கத்தில் நீலம் நான் என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தேன். அந்தப் படத்தைக் கழற்றிக் காரில் வைத்தாள்.

"அவர்ட்ட கையெழுத்து வாங்கணும். நீங்க அவர்ட்ட அப்பா கதையச் சொல்லணும் பெரியப்பா. உங்க வாயால."

உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"கழுதை மாதிரி அடம் பிடிக்காதீங்க" என்று சட்டையை எடுத்து நீட்டினாள்.

கூடாரத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். வேகவைத்த கடலையும் பன்றிக்கறிப் புகையும் மணத்தன. மதிய வெயில் சுட்டது. ஹக்கபி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்காலி எப்படியோ தாங்கியது. தலையில் ஒரு முடி இல்லை, முழங்கால் இரண்டும் போய்க் கைத்தடி வைத்திருந்தான். ஓட்டுப் பெட்டியைத் திறந்து முடிவு சொன்னார்கள்; கூட்டம் கழுதையாகக் கத்தியது. அவன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

"டேய் கழுதைங்களா, வாய மூடுங்கடா. ஒரு கேள்வி. அன்னிக்கு அரங்கத்துல இருந்து, நான் பந்தப் பொறுக்குனதக் கண்ணால பாத்தவங்கல்லாம் கையத் தூக்குங்க."

ஐம்பது அறுபது கைகள் எழுந்தன. என் கையும் எழுந்தது. யோசித்துத் தூக்கவில்லை; நாற்பது வருஷப் பழக்கம், தானாகப் போயிற்று. மார்லா பெருமையாக என் முழங்கையைத் தாங்கிப் பிடித்து இன்னும் உயர்த்தினாள்.

ஹக்கபி வயிறு குலுங்கச் சிரித்தான். "அத்தனையும் புளுகுமூட்டைங்க! கையத் தூக்குன ஒருத்தனும் அங்க இல்ல. எங்கம்மா இருந்தா. அவளே பாக்கல. அந்தப் பையன் வெறுங்கையோட ஓடுனதத்தான் அங்க இருந்த எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு பாத்தாங்க."

கூடாரம் அதிர்ந்தது. தூக்கிய கைகளை ஆளாளுக்கு இழுத்து இறக்கினார்கள். "மாட்டுனியா!" என்று ஒருத்தன் மாமனாரைப் பிடித்துக் கலாய்த்தான். எல்லோரும் சிரித்தார்கள், மார்லாவும் சிரித்தாள். எழுந்து முன்னால் போய்விட்டாள்.

"எங்கப்பா பாத்தாரு சார். அவர் ஒருத்தர்தான் பாத்தாரு. எங்க பெரியப்பாவுக்குக் காட்டினாரு. அன்னிக்கே அப்பா இறந்துட்டாரு. இதோ பாருங்க, இந்த வெள்ளைத் தொப்பி" என்று படத்தை அவன் மடியில் வைத்தாள்.

ஹக்கபியின் சிரிப்பு அடங்கியது. நல்ல மனுஷன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான்.

"கண்ணு, வருத்தப்படாதே. இந்தப் படத்த நான் ஆயிரம் தடவை பாத்திருக்கேன்" என்றான் மெதுவாக. "பின்னால இருக்குற தலையெல்லாம் பாரு. எல்லாம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு? வலது பக்கம். ஒருத்தனாவது என்னைப் பாக்குறானா? இந்தத் தொப்பியும் அந்தப் பக்கந்தான் பாக்குது."

மார்லா குனிந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த படம். அந்தத் தொப்பிக்குக் கீழே முகமே தெரியவில்லை, பிடரிதான் தெரிந்தது. நீட்டிய கை எதுவும் இல்லை. நானும் அப்போதுதான் பார்த்தேன். அத்தனை வருஷமும் தொப்பியை மட்டுந்தான் பார்த்திருக்கிறேன், மடையன்.

ஹக்கபி பேச்சை மாற்றப் பார்த்தான். "நிஜமா அங்க இருந்தவன எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். இருந்தவன், தான் என்ன பண்ணினான்னு சொல்லுவான். இல்லாதவன், நான் என்ன பண்ணினேன்னு சொல்லுவான்."

கூட்டத்திலிருந்து குரல்கள் வந்தன. "நான் போச்சேன்னு கண்ண மூடிக்கிட்டேன்" என்றாள் ஒரு கிழவி. "பந்து நழுவிருச்சுன்னு நெனச்சு என் கட்டை விரலக் கடிச்சேன், தழும்பு இருக்கு பாரு" என்றான் ஒருத்தன். "நான் கடலைப் பொட்டலத்த முன்னாடி இருந்த பாதிரியார் தலையில கொட்டிட்டேன்" என்றான் இன்னொருத்தன். மறுபடி சிரிப்பு.

மார்லா திரும்பி என்னைப் பார்த்தாள். "பெரியப்பா, நீங்க என்ன பண்ணீங்க?"

இருநூறு பேரும் திரும்பினார்கள். ஏதாவது ஒரு சின்னப் பொய் போதும். விரலைக் கடித்தேன் என்றால் முடிந்தது. ஆனால் அந்த நாற்பது வருஷக் கதையில் கர்ட்டிஸ் இருந்தான், ஹக்கபி இருந்தான், பந்து இருந்தது. நான் எங்கேயும் இல்லை.

"கத்தினேன்" என்றேன். எனக்கே அது கேவலமாகக் கேட்டது.

அவள் படத்தை எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். உள்ளே உட்கார்ந்து இரண்டு கதவையும் சாத்தினோம்.

"எங்க இருந்தீங்க?"

சொன்னேன். டிராஃபிக், எரிச்சல், நடந்தே வா என்றது, சாவி, காலிச் சாலை, அம்மாவிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் அழவில்லை.

"நீங்க நின்னுருந்தா அவரு உங்களோட வந்திருப்பாரு."

"ஆமாம்மா."

"கட்டிப் பிடிச்சுத் தூக்கினது?"

"இல்லம்மா. நான் கட்டிவிட்டது."

"தொப்பிய வீசினது?"

"அன்னிக்கு அவன் தொப்பியே போடல."

அவள் மடியிலிருந்த படத்தைத் திருப்பி வைத்தாள். வெளியே மேளங்கள் ஆரம்பித்துவிட்டன; கூட்டம் எங்கள் காரை உரசிக்கொண்டு அரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"கெளுத்தி மீன் அவரு கையக் குத்தினது? ஏழு வயசுல பாட்டி அடிப்பாங்கன்னு பயந்து சர்ச்சுல பெஞ்சுக்கடியில தூங்கிட்டது? எங்கம்மாவுக்குப் பாடத் தெரியாம பாடினது?"

"அதெல்லாம் நிஜம்மா. சத்தியமா. அது ஒண்ணுதான் பொய். மத்ததெல்லாம் அப்படியே நடந்தது. அவன் பெஞ்சுக்கடியில கெடந்தத நான்தான் கண்டுபிடிச்சேன். வாயில எச்சில் ஒழுக..." ஏழு வயதுக் கர்ட்டிஸ் கண்ணில் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மார்லா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"அந்த மேட்ச் கதையச் சொல்றப்பவும் உங்க கண்ணு இப்படித்தான் கலங்கும் பெரியப்பா. இதே மாதிரி. உதடு கூட இப்படித்தான் நடுங்கும். நான் எதை வச்சுப் பிரிச்சுப் பாக்கறது?"

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கதவைத் திறந்து இறங்கி, படத்தை இருக்கையிலேயே விட்டுவிட்டு, கூட்டம் போகிற திசைக்கு எதிராகச் சாலைப் பக்கம் நடந்து போனாள்.

அவள் போய் மூன்று மாதமாகிறது. போன் எடுப்பதில்லை. கர்ட்டிஸைப் பற்றி இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்னிடம். அவளுக்கு ஒருநாளும் சொல்லாதவை, அத்தனையும் நிஜம். தினமும் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.